நாலு பேர் கண்ணுக்கு அஞ்சிய வீரம்

வீரத்தைப் புகழாத மக்கள் உலகத்தில் இல்லை. கட்டுப்பாட்டைக் குறை சொல்லும் தகப்பனாரும் இல்லை. எளிய உணவு, கடுமையான பயிற்சி, பெரியவர்களிடம் பணிவு, மரணத்துக்கு அஞ்சாத நெஞ்சம் ஆகிய நான்கும் ஒரு மனிதனிடம் சேர்ந்திருந்தால் அவனை நல்லவன் என்று சொல்ல நாம் தயங்க மாட்டோம். ஒரு சமுதாயமே முந்நூறு ஆண்டுகளுக்கு மேல் அப்படி வாழ்ந்திருந்தால், அதை உலகத்துக்கே முன்மாதிரி என்று சொல்லிவிடலாமா?

சொல்லிவிடலாம் என்றுதான் பலரும் நினைத்தார்கள். ஆனால் அப்படிச் சொல்வதற்கு முன் ஒரு கேள்வியைக் கேட்டாக வேண்டியிருக்கிறது. ஒருவன் எதற்கு அஞ்சி ஒழுங்காக நடக்கிறான் என்பதைப் பார்க்காமல், அவனுடைய ஒழுக்கத்துக்கு மதிப்புப் போட முடியுமா?

இந்தக் கேள்வியை ஆராய்வதற்குப் பண்டைய கிரேக்க நாட்டின் ஸ்பார்ட்டாவைவிடப் பொருத்தமான இடம் கிடைப்பது அரிது.

போர்ப் பாசறையான ஊர்

கிரேக்கத்தின் தென்பகுதியில், டைகெட்டஸ் மலையின் அடிவாரத்தில், யூரோட்டாஸ் ஆற்றங்கரையில் இருந்தது ஸ்பார்ட்டா. மற்ற கிரேக்க நகரங்களெல்லாம் கோட்டை மதில் கட்டிக்கொண்டிருந்த காலத்தில் ஸ்பார்ட்டாவுக்கு மதில் கிடையாது. வீரர்களே மதில் என்று அவர்கள் இறுமாந்திருந்தார்கள்.

அந்த ஊரில் ஓர் ஆண் குழந்தைக்கு ஏழு வயது ஆனதும் தாய் தகப்பன் கையிலிருந்து அவன் அரசாங்கத்தின் கைக்குப் போய்விடுவான். சக வயதுப் பிள்ளைகளோடு கூட்டமாக வளர்க்கப்படுவான். காலுக்குச் செருப்பு இல்லை. கோடைக்கும் குளிருக்கும் சேர்த்து ஆண்டுக்கு ஒரே மேலாடை. படுக்கைக்கு வேண்டிய நாணலை ஆற்றங்கரையில் கத்தியில்லாமல் வெறுங்கையால் ஒடித்துக்கொண்டு வரவேண்டும். உணவு அரை வயிற்றுக்குத்தான் கிடைக்கும். இருபது வயதில் பொது உணவுக் குழு ஒன்றில் சேர்க்கப்படுவான். திருமணம் ஆனாலும் முப்பது வயது வரை பாசறையில்தான் படுக்கை. அறுபது வயது வரை அவன் போர் வீரன். உழவோ வாணிகமோ கைத்தொழிலோ செய்வது அவனுக்குத் தடை.

மாலையில் ஏறக்குறைய பதினைந்து பேர் ஒன்றாக உட்கார்ந்து உண்பார்கள். ஒவ்வொருவரும் மாதந்தோறும் பார்லி மாவு, பாலாடைக்கட்டி, அத்திப்பழம், திராட்சை மது என்று தம் பங்கைக் கொண்டுவந்து கொடுக்க வேண்டும். பன்றியிறைச்சியை இரத்தத்தில் வேகவைத்துச் செய்த கறுப்புக் குழம்புதான் அங்கே பேர்பெற்ற உணவு. பணக்காரனுக்கும் அதுதான், எளியவனுக்கும் அதுதான். பொன்னும் வெள்ளியும் வீட்டில் சேரக்கூடாது என்று இரும்பையே நாணயமாக வைத்திருந்தார்கள் என்றும் சொல்லப்படுகிறது.

ஸ்பார்ட்டர்கள் தங்களைப் பற்றி எழுதிவைத்தது மிகக் குறைவு. ஹெரோடோட்டஸ், துசிடிடிஸ், செனபோன் போன்ற வெளியூர்க்காரர்கள் எழுதியதிலிருந்தும், ஏறக்குறைய ஐந்நூறு ஆண்டுகளுக்குப் பின் புளூட்டார்க் தொகுத்ததிலிருந்துமே நாம் அவர்களை அறிகிறோம். பலவீனமான குழந்தைகளை மலைப்பள்ளத்தில் எறிந்தார்கள் என்ற செய்தியைப் புளூட்டார்க் ஒருவர்தான் சொல்கிறார். அதை இன்றைய ஆராய்ச்சியாளர் பலர் அப்படியே ஏற்பதில்லை. ஆகவே எல்லோரும் ஒத்துச் சொல்கிற செய்திகளையே பெரும்பாலும் நாம் ஆதாரமாகக் கொள்வோம். புளூட்டார்க்கின் கதைகளை அவர் பெயரிலேயே சொல்வோம்.

நல்லதை நல்லதென்றே சொல்வோம்

ஒருவரைக் குறை சொல்லப் புறப்படும்போது அவரிடமுள்ள நல்லதை மறைப்பது நேர்மையாகாது. ஸ்பார்ட்டாவில் போற்றத்தக்கவை இருந்தன.

புளூட்டார்க்கும் ரோமானிய அறிஞர் சிசரோவும் ஒரு சம்பவத்தைச் சொல்கிறார்கள். கூட்டம் நிறைந்த ஒரு விழா அரங்கில் முதியவர் ஒருவர் உட்கார இடம் தேடி அலைகிறார். யாரும் இடம் தரவில்லை. ஸ்பார்ட்டர்கள் அமர்ந்திருந்த பகுதிக்கு அவர் வந்ததும் அத்தனை பேரும் எழுந்து நிற்கிறார்கள். நல்லது எதுவென்று மற்றவர்களுக்கும் தெரிந்துதான் இருக்கிறது, செய்வது ஸ்பார்ட்டர்கள் மட்டுமே என்ற பேச்சு அன்று எழுந்ததாம். பேருந்தில் முதியவர் நிற்க இளைஞர் உட்கார்ந்திருப்பதைக் காணும்போதெல்லாம் நமக்கு நினைவு வரவேண்டிய செய்தி அல்லவா இது!

பெண்மக்கள் நிலையிலும் அவர்கள் ஏதென்ஸ் நகரத்தாரைவிட முன்னே இருந்தார்கள். பெண் பிள்ளைகளுக்கு நிறைவான உணவு உண்டு; ஓட்டம், மல்யுத்தம் முதலிய பயிற்சிகள் உண்டு; நிலம் சொந்தமாக வைத்திருக்கும் உரிமையும் உண்டு. கிறிஸ்துவுக்கு முன் நான்காம் நூற்றாண்டில் நாட்டின் நிலத்தில் ஐந்தில் இரண்டு பங்கு பெண்கள் கையில் இருந்ததாக அரிஸ்டாட்டில் எழுதுகிறார். அரபு அறிஞர்கள் அரிஸ்தூ என்று அழைத்த அதே பேரறிஞர்தான் அவர்.

கி.மு. 480-ல் தெர்மோபிலே கணவாயில் லியோனிடாஸ் மன்னனும் முந்நூறு ஸ்பார்ட்டர்களும் பாரசீகப் பெரும்படையை எதிர்த்து நின்று மடிந்த செய்தி உலகம் அறிந்தது. அந்த உறுதியை யாரும் மறுக்க முடியாது.

திருடு, ஆனால் அகப்படாதே!

இனிமேல்தான் நாம் கவனிக்க வேண்டிய இடம் வருகிறது.

அரை வயிற்றோடு வளர்ந்த அந்தப் பிள்ளைகள் பசி தீர்க்க உணவைத் திருடிக்கொள்ளலாம் என்று அனுமதி இருந்தது. போரில் தந்திரம் வேண்டும் என்பதற்காக ஏற்பட்ட பயிற்சி அது. அகப்பட்டுக்கொண்டால் சாட்டையடி உண்டு. திருடியதற்காக அல்ல, திறமையில்லாமல் திருடியதற்காக! இதைச் செனபோன் புகழ்ச்சியாகவே எழுதியிருக்கிறார்.

புளூட்டார்க் சொல்லும் நரிக் கதை பலரும் கேட்டதுதான். நரிக்குட்டி ஒன்றைத் திருடி மேலாடைக்குள் மறைத்து வைத்திருந்த ஒரு பையன், அது தன் வயிற்றைக் கடித்துக் குதறியபோதும் வாய் திறக்காமல் நின்று உயிரை விட்டானாம். பொறுமைக்கு இலக்கணமாக இந்தக் கதையை நூற்றாண்டுக் கணக்கில் சொல்லி வந்திருக்கிறார்கள். ஆனால் அந்தப் பிள்ளை எதைக் காப்பாற்றுவதற்காக அந்த வேதனையைத் தாங்கினான்? உண்மையைக் காப்பாற்றவா? இன்னொரு உயிரைக் காப்பாற்றவா? தான் திருடியது நாலு பேர் கண்ணில் பட்டுவிடக்கூடாது என்பதற்காக! இவ்வளவு பெரிய பொறுமை இவ்வளவு சிறிய காரியத்துக்குச் செலவாயிற்றே என்று நெஞ்சம் கலங்குகிறது.

இப்படி வளர்ந்த பிள்ளை பெரியவன் ஆனபின் என்ன ஆவான்? வரலாறு பதில் சொல்கிறது. கிலிப்பஸ் என்ற தளபதி கி.மு. 414-ல் சிசிலித் தீவுக்குச் சென்று, முற்றுகையில் சிக்கியிருந்த சிராக்கூஸ் நகரத்தைக் காத்து, மறு ஆண்டு ஏதென்ஸ் படையை அடியோடு முறியடிக்கக் காரணமானவர். ஸ்பார்ட்டப் பயிற்சியில் உருவான மாவீரர். பிற்காலத்தில் ஏதென்ஸ் வீழ்ந்தபோது, போரில் கிடைத்த வெள்ளிப் பணத்தை மூட்டைகளில் கட்டி, ஊருக்குக் கொண்டுபோகும்படி அவரிடம் ஒப்படைத்தார்கள். மூட்டைகளின் வாயில் முத்திரை இருந்தது. கிலிப்பஸ் அடிப்பக்கத் தையலைப் பிரித்துப் பணத்தை எடுத்துக்கொண்டு மறுபடி தைத்துவிட்டார். ஒவ்வொரு மூட்டைக்குள்ளும் தொகை எழுதிய சீட்டு இருந்தது அவருக்குத் தெரியாது. எண்ணிப் பார்த்த அதிகாரிகள் திகைத்தார்கள். ஓட்டுக் கூரையடியில் ஆந்தைகள் நிறைய உறங்குகின்றன என்று அவருடைய வேலைக்காரனே குறிப்புக் காட்டினான். ஏதென்ஸ் நாணயத்தில் ஆந்தை உருவம் உண்டு. மாவீரர் ஊரைவிட்டு ஓடிப்போனார் என்று முடிக்கிறார் புளூட்டார்க்.

சாவுக்கு அஞ்சாதவர் வெள்ளிக்காசுக்குத் தோற்றுப்போனது ஏன்? மரணத்தை எதிர்த்து நிற்கும்போது படை முழுவதும் பார்த்துக்கொண்டிருந்தது. மூட்டையின் தையலைப் பிரித்தபோது யாரும் பார்க்கவில்லை! சிறு வயதில் அவர் கற்ற பாடம் அகப்படாதே என்பதுதானே?

இது ஒருவருடைய கதை மட்டும் அன்று. கி.மு. 479-ல் பிளாட்டியாப் போரில் வென்ற தளபதி பாசேனியாஸ், வெளிநாடு சென்றதும் பாரசீக உடை, பாரசீக விருந்து, காவலர் கூட்டம் என்று ஆடம்பரத்தில் இறங்கிவிட்டதைத் துசிடிடிஸ் எழுதியிருக்கிறார். கறுப்புக் குழம்பின் எளிமை ஊர் எல்லையோடு நின்றுவிட்டது.

நிழலில் நின்ற மனிதர்கள்

உழவும் தொழிலும் செய்யாத இந்த வீரர்களுக்குச் சோறு எங்கிருந்து வந்தது? பொது உணவுக்குக் கொடுத்த பார்லியும் அத்தியும் யார் விளைவித்தவை?

ஹெலட்டுகள் என்ற அடிமை உழவர்கள் விளைவித்தவை. அவர்களில் பெரும்பகுதியினர் மேற்கே மலைக்கு அப்பாலுள்ள மெசேனியா நாட்டு மக்கள். கி.மு. எட்டு, ஏழாம் நூற்றாண்டுகளில் ஸ்பார்ட்டா படையெடுத்து அவர்களுடைய நிலத்தைப் பிடித்து, அந்த நிலத்திலேயே அவர்களை அடிமைகளாக உழ வைத்தது. அவர்களும் கிரேக்கர்களே; கிரேக்க மொழி பேசியவர்களே. பிளாட்டியாப் போருக்கு ஐயாயிரம் ஸ்பார்ட்டர்கள் போனபோது அவர்களோடு முப்பத்தையாயிரம் ஹெலட்டுகள் போனதாக ஹெரோடோட்டஸ் கணக்குச் சொல்கிறார். ஒருவனுக்கு ஏழு பேர்!

அந்த ஏழு பேரை எண்ணித்தான் அந்த ஒருவனுக்குத் தூக்கம் வரவில்லை. ஏழு வயதில் தொடங்கிய பயிற்சி, பாசறை வாழ்க்கை, அறுபது வயது வரை ஆயுதம் ஆகிய எல்லாவற்றிலும் இந்த அச்சம் கலந்திருந்தது. ஸ்பார்ட்டர்கள் செய்த ஏற்பாடுகளில் பெரும்பாலானவை ஹெலட்டுகளுக்கு எதிரான பாதுகாப்பையே கருதியவை என்று துசிடிடிஸ் குறிப்பிடுகிறார். உலகமே அஞ்சிய வீரன் தன் வயலில் உழுதவனுக்கு அஞ்சினான்.

ஆண்டுதோறும் பதவியேற்ற எஃபோர்கள் என்ற ஐந்து அதிகாரிகள் ஹெலட்டுகள் மீது போர் அறிவிப்பார்களாம். ஏன் தெரியுமா? போர் என்று அறிவித்துவிட்டால் அவர்களைக் கொல்வது பாவமாகாதாம்! அரிஸ்டாட்டில் சொன்னதாகப் புளூட்டார்க் இதைக் குறித்துள்ளார். தேர்ந்தெடுத்த இளைஞர்கள் கத்தியோடு பகலில் மறைந்திருந்து, இரவில் வெளிவந்து, கண்ணில் படும் ஹெலட்டுகளைக் கொல்லும் வழக்கமும் இருந்தது. கொலையைக் கைவிடாமல், அதற்குச் சட்டத்தின் பெயரைச் சூட்டி மனத்தைச் சாந்தப்படுத்திக்கொண்டார்கள்.

இன்னொரு செய்தியைத் துசிடிடிஸ் மிகச் சுருக்கமாக எழுதியிருக்கிறார். படிப்பவர் மனம் அதோடு ஆறுவதில்லை. போரில் நாட்டுக்கு மிகச் சிறந்த சேவை செய்ததாகக் கருதும் ஹெலட்டுகள் முன்வரலாம், விடுதலை அளிக்கப்படும் என்று அறிவித்தார்கள். ஏறக்குறைய இரண்டாயிரம் பேர் தேர்ந்தெடுக்கப்பட்டார்கள். தலையில் மாலை சூடி, விடுதலை கிடைத்துவிட்டது என்று மகிழ்ந்து, கோயில்களைச் சுற்றி வந்தார்கள். சிறிது காலத்தில் அத்தனை பேரும் காணாமல் போனார்கள். ஒவ்வொருவரும் எப்படி மாண்டார் என்று யாருக்கும் தெரியவில்லை. முதலில் முன்வரும் துணிச்சல் உள்ளவன்தான் முதலில் கலகம் செய்வான் என்பது ஸ்பார்ட்டாவின் கணக்கு. வீரத்தைப் போற்றிய நாடு, அடிமையிடம் வீரத்தைக் கண்டதும் அதற்கு மரணத்தைப் பரிசாகக் கொடுத்தது!

தெர்மோபிலேயில் மடிந்த முந்நூறு பேரின் பெயர்களையும் தாம் கேட்டறிந்ததாக ஹெரோடோட்டஸ் எழுதுகிறார். அதே களத்தில் ஹெலட்டுகளின் உடல்களும் கிடந்தன. அவர்களில் ஒருவர் பெயரும் நமக்கு வந்து சேரவில்லை.

அநீதி எதுவென்று அவர்களுக்குத் தெரியாதா?

அந்தக் காலத்தில் அப்படித்தான் இருந்தது, அநீதி என்ற உணர்வே அவர்களுக்கு இருந்திருக்காது என்று சிலர் சமாதானம் சொல்லக்கூடும். அதுவும் சரியில்லை.

பாரசீக மன்னன் அனுப்பிய தூதர்களை ஸ்பார்ட்டர்கள் ஒருமுறை கொன்றுவிட்டார்கள். தூதரைக் கொல்வது பெருங்குற்றம். பிறகு அவர்களுடைய மனம் உறுத்தியது. சகுனங்களும் தீயனவாகவே அமைந்தன. ஸ்பெர்த்தியாஸ், பூலிஸ் என்ற இரண்டு பெருமக்கள் அந்தக் குற்றத்துக்கு ஈடாகத் தங்கள் உயிரைக் கொடுக்க முன்வந்து பாரசீகம் வரை நடந்தார்கள். குற்றத்துக்குக் குற்றம் செய்ய மாட்டேன் என்று மன்னன் செர்க்சஸ் அவர்களைக் கொல்லாமல் அனுப்பிவிட்டான். எவ்வளவு உயர்ந்த செயல்!

ஆகவே அநீதி எதுவென்று அவர்கள் நன்றாகவே அறிந்திருந்தார்கள். பேரரசன் ஒருவனின் தூதர்களுக்கு இழைத்த அநீதி அவர்களைத் தூங்கவிடவில்லை. கேட்பதற்கு நாதியற்ற இரண்டாயிரம் உழவர்களுக்கு இழைத்த அநீதி அவர்களுக்கு உறுத்தவில்லை. மனச்சாட்சி இருந்தது, ஆனால் எதிரே இருப்பவர் யார் என்று பார்த்துத்தான் அது விழித்தது.

அரிஸ்டோடமஸ் என்பவரின் கதை இதைவிடச் சிக்கலானது. தெர்மோபிலேயில் கண்நோய் கண்டதால் போரில் கலந்துகொள்ளாமல் திரும்பியவர் அவர். அவரைப் போலவே கண்நோயால் வாடிய யூரிட்டஸ் என்பவரோ, தம் ஹெலட்டின் கையைப் பிடித்துக்கொண்டு போர்க்களம் சென்று மடிந்தார். அந்த ஒப்பீடே அரிஸ்டோடமஸுக்கு வினையாயிற்று. ஊரில் யாரும் அவரோடு பேசவில்லை. அடுப்பு மூட்ட நெருப்புக்கூடக் கொடுக்கவில்லை. நடுங்கி என்று பெயர் வைத்தார்கள். மறு ஆண்டு பிளாட்டியாவில் அவர் வரிசையை விட்டுப் பாய்ந்து எல்லோரையும் மிஞ்சிப் போரிட்டு மாண்டார். ஆனால் அவருக்கு மரியாதை வழங்க ஸ்பார்ட்டர்கள் மறுத்துவிட்டார்கள். அவர் சாக விரும்பியே அப்படிப் போரிட்டார், வாழ விரும்பிய நிலையிலும் உறுதியாக நின்றவரே உயர்ந்தவர் என்பது அவர்கள் தீர்ப்பு.

தீர்ப்பு சரியானதுதான். செயலை மட்டும் பாராமல் நிய்யத்தையும் பார்த்தார்கள். ஆனால் சாக வேண்டும் என்ற எண்ணத்தை அந்த மனிதனுக்குள் ஊட்டியவர்கள் யார்? நெருப்பு மறுத்த அண்டை வீட்டார்தானே? ஒருவனை அவமானத்தால் விரட்டி விரட்டிக் களத்துக்கு அனுப்பிவிட்டு, நீ அவமானத்துக்கு அஞ்சித்தானே வந்தாய் என்று கேட்கும் சமுதாயத்தை என்னவென்று சொல்வது?

முடிவு எப்படி வந்தது?

பொது உணவுக்குப் பங்கு கொடுக்க முடியாத ஏழை குடியுரிமையை இழந்தான். நிலம் சிலர் கையில் குவிந்தது. கி.மு. 480-ல் எண்ணாயிரமாக இருந்த ஸ்பார்ட்ட வீரர்கள், அரிஸ்டாட்டில் காலத்தில் ஆயிரத்துக்கும் குறைந்துவிட்டார்கள். கி.மு. 371-ல் லியூக்ட்ரா என்ற இடத்தில் தீப்ஸ் நகரப் படையிடம் ஸ்பார்ட்டா தோற்றது. களத்திலிருந்த எழுநூறு ஸ்பார்ட்டர்களில் ஏறக்குறைய நானூறு பேர் இறந்தார்கள்.

செய்தி வந்தபோது ஊரில் விழா நடந்துகொண்டிருந்தது. விழாவை நிறுத்தவில்லை. பெண்கள் வாய்விட்டு அழக்கூடாது என்று உத்தரவாயிற்று. மறுநாள் மகனை இழந்தவர்கள் முகமலர்ச்சியோடு வீதியில் நடந்தார்கள். மகன் பிழைத்துவிட்டான் என்று செய்தி வந்தவர்கள் தலை கவிழ்ந்து போனார்கள் என்று செனபோன் எழுதுகிறார். மகன் உயிரோடிருப்பதற்காகத் தாய் வெட்கப்பட வேண்டிய நிலை! அந்த வீதியில் எத்தனை தாய்மார் வெளியே சிரித்து, உள்ளே அழுதிருப்பார்கள்!

தப்பி வந்தவர்களை நடுங்கிகள் என்று ஒதுக்கினால் ஊரில் ஆளே இருக்காது. ஆகவே அந்தச் சட்டம் ஒரு நாளைக்கு உறங்கட்டும் என்று மன்னன் அகெசிலாஸ் ஏற்பாடு செய்ததாகப் புளூட்டார்க் சொல்கிறார். அரிஸ்டோடமஸ் ஒருவருக்காக உறங்காத சட்டம் முந்நூறு பேருக்காக உறங்கிற்று.

தீப்ஸ் தளபதி எப்பமினோண்டஸ் படையெடுத்து வந்து, கி.மு. 369-ல் மெசேனியருக்குச் சுதந்திர நகரம் ஒன்றை நிறுவித் தந்தார். தலைமுறை தலைமுறையாக அடிமைப்பட்ட மக்கள் விடுதலை பெற்றார்கள். ஸ்பார்ட்டா மறுபடி தலைதூக்கவில்லை. போருக்கு மட்டுமே பயின்றவர்கள் அமைதியில் வாழத் தெரியாமல் அழிந்தார்கள் என்பது அரிஸ்டாட்டிலின் முடிவு.

இது பழங்கதை என்று ஒதுக்கிவிட முடியாது. ஸ்டாலின்கிராடில் ஜெர்மன் படை அழிந்துகொண்டிருந்தபோது, 1943 ஜனவரியில் நாஜித் தலைவர் கோரிங் தெர்மோபிலே வீரர்களை உதாரணம் காட்டித்தான் அந்த வீரர்களின் சாவுக்குப் பெருமை பேசினார். எதற்காகச் சாகிறோம் என்ற கேள்வியை மறைக்க வேண்டுமானால் எப்படிச் சாகிறோம் என்பதைப் புகழ்ந்தால் போதும் என்பதை அவர் அறிந்திருந்தார்.

நம் வீடுகளில்

ஸ்பார்ட்டர்கள் வெட்கத்துக்கு அஞ்சினார்கள், அநீதிக்கு அஞ்சவில்லை. அவர்கள் கதையை இப்படிச் சுருக்கிச் சொல்லலாம்.

நம் வீட்டுப் பிள்ளைகளிடம் நாள்தோறும் நாம் சொல்வது என்ன? "நாலு பேர் என்ன சொல்வார்கள்?" "ஊர் சிரிக்காதா?" "வாப்பா பார்த்தால் தொலைத்துவிடுவார்!" இந்தச் சொற்களால் பிள்ளை அடங்கிவிடுகிறது, நமக்கும் வேலை சுலபமாகிவிடுகிறது. ஆனால் அந்த நாலு பேர் இல்லாத ஊருக்குப் படிக்கவோ பிழைக்கவோ பிள்ளை போகும் நாளில் அவனுக்குத் துணையாக எதை அனுப்பப் போகிறோம்? வாப்பாவின் கண் கடல் கடந்து போகுமா?

நோன்பு நாளில், கதவு சாத்திய அறையில், தண்ணீர்க் குடத்தின் பக்கத்தில் தனியே நிற்கும் ஒரு சிறு பிள்ளையை எண்ணிப் பாருங்கள். தாகம் நாக்கை வறட்டுகிறது. குடித்தால் யாருக்கும் தெரியாது. குடிக்காமல் வெளியே வருகிறது. நரியைக் கடிக்கவிட்டு நின்ற ஸ்பார்ட்டச் சிறுவன் தாங்கிய வேதனை இதைவிடப் பெரியதாக இருக்கலாம். ஆனால் எதை மறைக்கலாம் என்பதை அவன் கற்றான். மறைக்க முடியாத ஒன்று உண்டு என்பதை இந்தப் பிள்ளை கற்றுக்கொள்கிறது.

அதோடு, நம் எளிமையும் நம் ஒழுங்கும் யாருடைய முதுகின்மேல் நிற்கின்றன என்பதையும் பார்த்துக்கொள்ள வேண்டும். நாம் நேரம் தவறாமல் நல்ல காரியங்களில் ஈடுபட, அடுக்களையில் ஒரு பணிப்பெண் ஓய்வின்றி உழைக்கிறாள். அவளுடைய கூலி நேரத்துக்குப் போய்ச் சேருகிறதா? அவள் குழந்தைக்குக் காய்ச்சல் என்றால் விடுமுறை உண்டா? ஊர் இதைக் கேட்காது. கேட்பதற்கு ஆளில்லாத இடத்தில் நாம் எப்படி நடக்கிறோம் என்பதுதான் நம் ஒழுக்கத்தின் அளவு.

வீரமும் கட்டுப்பாடும் கூர்மையான கருவிகள். கருவி கூராக இருக்கிறதா என்று மட்டும் பார்த்தார்கள் ஸ்பார்ட்டர்கள். அது யார் கழுத்தில் இறங்குகிறது என்பதையும் நாம் பார்ப்போமாக!